ட்ரெபிள் பூஸ்டர் கட்டுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரெபிள் பூஸ்டர் என்பது கிட்டாரின் மேல் ஒலியைத் தூக்கி ஆம்ப்புக்கு அனுப்பும் பெடல். அதில் பேர்பெற்ற 1960களின் டல்லாஸ் ரேஞ்ச்மாஸ்டரில் இருப்பது ஒரே ஒரு ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர். கூட விரல்விட்டு எண்ணக்கூடிய ரெசிஸ்டர்களும் கெபாசிட்டர்களும்தான். பாகம் குறைவு என்பதாலேயே ஒவ்வொன்றையும் சோதிக்காமல் கட்டிவிடுகிறார்கள்.

மல்டிமீட்டர் காட்டும் கெயினை நம்புவது

புதிதாகக் கட்டுகிறவர்கள் எல்லோரும் இதில்தான் விழுகிறார்கள். பார்க்கப் பார்க்க எரிச்சல் வருகிறது, ஏனென்றால் சோதனைக்கு ஐந்து நிமிடம் போதும். பழைய ஓசி44 ட்ரான்சிஸ்டர் ஒன்றை அதிக விலைக்கு வாங்கி, மீட்டரில் செருகி, கெயின் (மின்னோட்டத்தைப் பெருக்கும் மடங்கு) 130 என்று கண்டதும் சால்டர் வைத்துவிடுகிறார்கள். ட்ரான்சிஸ்டருக்கு பேஸ், எமிட்டர், கலெக்டர் என மூன்று கால். ஜெர்மேனியத்தில் பேஸுக்கு எதுவும் கொடுக்காவிட்டாலும் கலெக்டரில் மின்னோட்டம் கசியும். அந்தக் கசிவையும் கெயினாகச் சேர்த்துத்தான் மீட்டர் காட்டுகிறது.

சரியான முறை இது. 9 வோல்ட் பேட்டரியின் பிளஸ்ஸை எமிட்டரில் கொடுங்கள். 2.2 கிலோ ஓம், 270 ஓம் இரண்டையும் தொடராக இணைத்து, அதன் வழியே கலெக்டரை மைனஸில் சேருங்கள். பேஸ் சும்மா இருக்கட்டும். அந்த ரெசிஸ்டர்களின் குறுக்கே வரும் வோல்டேஜ் முழுக்கக் கசிவு. அடுத்து பேஸிலிருந்து மைனஸுக்கு 2.2 மெகா ஓம் போட்டு மறுபடி அளவெடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 100ஆல் பெருக்கினால் உண்மையான கெயின். முதலில் 0.5 வோல்ட், பிறகு 1.3 வோல்ட் வந்தால் கெயின் 80தான், 130 அல்ல. முதல் அளவே 0.7, 0.8 என்று ஏறினால் அந்த ட்ரான்சிஸ்டரை ஒதுக்கிவிடுங்கள்.

விரல் சூட்டிலேயே கசிவு கூடும். கையில் பிடித்துச் செருகியதும் அளக்காமல், எண் அசையாமல் நிற்கும்வரை பொறுங்கள். கசிவு மிகுந்த ட்ரான்சிஸ்டர் காலையில் நன்றாக ஒலித்து, சூடான மேடையில் கரகரத்து அடைத்துக்கொள்வதற்கும் இதே காரணம்தான்.

பயாஸை அளக்காமல் விடுவது

பயாஸ் என்பது சிக்னல் இல்லாதபோது ட்ரான்சிஸ்டர் நிற்கும் வோல்டேஜ் நிலை. அதைத் தீர்மானிக்கும் 470 கிலோ ஓம், 68 கிலோ ஓம், எமிட்டரில் 3.9 கிலோ ஓம் என்ற மூல மதிப்புகள் எல்லா ட்ரான்சிஸ்டருக்கும் பொருந்தாது. 68 இருக்கும் இடத்தில் 100 கிலோ ஓம் ட்ரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் ரெசிஸ்டர்) வைத்து, கலெக்டரில் கிரவுண்டைப் பார்த்து மைனஸ் 7 வோல்ட் அளவுக்குத் திருப்புங்கள். ட்ரான்சிஸ்டருக்கு சாக்கெட் போடுங்கள்.

மற்ற பெடல்களோடு ஒரே சப்ளை

கூடாது. இதில் பேட்டரியின் பிளஸ்தான் கிரவுண்ட், பெரும்பாலான பெடல்களில் மைனஸ். சப்ளை ஷார்ட் ஆகும். தனி பேட்டரி.

எமிட்டர் கெபாசிட்டரைத் திருப்பிப் போடுவது

47 மைக்ரோஃபாரட்டின் பிளஸ் கால் கிரவுண்டுக்கு.

பாஸ் (கீழ் ஒலி) வேண்டும் என்று கண்டதையெல்லாம் மாற்றுவது

இன்புட் கெபாசிட்டர் ஒன்று போதும். 4.7 நானோஃபாரட் என்றால் பழைய கூர்மை. 10 போட்டால் மிட் திறக்கும். 22க்கு மேல் போனால் ஏற்கெனவே உறுமும் ஆம்ப்பில் சத்தம் சேறாகும். ஒரு சுவிட்ச் வைத்து 4.7, 10 இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். பெடல் கிட்டாருக்கு அடுத்து முதலாவதாக இருக்க வேண்டும். நடுவில் பஃபர் (பிக்கப்பைப் பெடலிலிருந்து பிரித்துவிடும் சர்க்யூட்) வந்தால் பிக்கப்போடு சேர்ந்து உருவாகும் அந்த மென்மை போய், காதைக் குத்தும்.