ஜெர்மனியில் முதல் டிஎஸ்எல் இணைப்பு: ரூட்டரில் எதைத் தொடலாம், எதை விட்டுவிடலாம்

டிஎஸ்எல், அதாவது டெலிபோன் கம்பி வழியாக வரும் வீட்டு இணையத்துக்கு ஒப்பந்தம் போட்டதும் முதல் வேலை, வாசலில் இருக்கும் அழைப்பு மணிப் பலகையில் உங்கள் பெயரை ஒட்டுவது. டெக்னீஷியன் பெயரைப் பார்த்துத்தான் மணி அடிப்பார். முன்பு குடியிருந்தவர் பெயரே இருந்தால் ஆள் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார். அப்புறம் அடுத்த தேதிக்குக் காத்துக் கிடக்க வேண்டியதுதான். தபால்பெட்டியிலும் பெயர் வேண்டும். சூகாங்ஸ்டாட்டன் எனப்படும் லாகின் விவரங்கள் பல நிறுவனங்களில் கடிதமாகத்தான் வரும். அந்தக் கடிதத்தை விசா காகிதங்களோடு பத்திரமாக வையுங்கள்.

ரூட்டரை வாடகைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று கடையில் சொன்னால் தலையாட்டாதீர்கள். 2016 ஆகஸ்ட் 1 முதல் சொந்த ரூட்டர் வைத்துக்கொள்ள இங்கே சட்டப்படி உரிமை உண்டு. ஃபிரிட்ஸ்பாக்ஸ் என்ற ஜெர்மன் பிராண்ட் ரூட்டர் பழையதாக ஒன்று கிடைத்தால் போதும், முதலில் ஃபேக்டரி ரீசெட் செய்துவிடுங்கள். சுவரில் மூன்று துளை உள்ள, டிஏஇ எனப்படும் டெலிபோன் சாக்கெட்டில் நடுத்துளைக்கு மேல் ‘எஃப்’ என்று இருக்கும். டிஎஸ்எல் கேபிள் அதில்தான் போக வேண்டும். பவர் விளக்கு மினுக்குவதை நிறுத்தி நிலையாக எரிந்தால் லைன் கிடைத்துவிட்டது. இனி பிரவுசரில் ஃபிரிட்ஸ் டாட் பாக்ஸ் முகவரியைத் திறந்து, பட்டியலில் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்து, கடிதத்தில் உள்ள எண்களைப் போடுங்கள். டெலிகோம் நிறுவனத்தின் லைனில் வேறு பிராண்ட் ரூட்டர் என்றால் விஎல்ஏஎன் 7 (லைனில் இணையம் ஓடும் தடத்தின் எண்) என்பதையும் நீங்களே கொடுக்க வேண்டியிருக்கும்.

அதே பக்கத்தில் கொஞ்சம் கீழே, இணைப்பை நிரந்தரமாக வைத்திருக்கவா, பயன்பாடு இல்லாதபோது துண்டிக்கவா என்று ஒரு கேள்வி இருக்கும். வேறு ரூட்டர்களில் இதையே ‘ஆன் டிமாண்ட்’ என்பார்கள். ஏதாவது ஒரு கருவி இணையம் கேட்டால் ரூட்டர் லாகின் செய்யும். குறிப்பிட்ட நேரம் யாரும் எதுவும் கேட்காவிட்டால் அறுத்துவிடும். நிமிடக் கணக்கில் பில் வந்த காலத்தில் இது பணத்தை மிச்சப்படுத்தியது. சிக்கனம் நம் ரத்தத்தில் ஊறியது, கை தானாக அங்கே போகும். போக வேண்டாம். உங்கள் திட்டம் ஃபிளாட்ரேட் (எவ்வளவு பயன்படுத்தினாலும் மாதம் ஒரே கட்டணம்) என்றால் ஒரு சென்ட்கூடக் குறையாது.

தொல்லைதான் மிஞ்சும். இங்கே லேண்ட்லைன் போனும் இணையம் வழியாகத்தான் ஓடுகிறது. இணைப்பு அறுந்திருக்கும் நேரத்தில் வெளியிலிருந்து யார் அழைத்தாலும் மணி அடிக்காது. அதோடு, வீட்டில் நாலு ஸ்மார்ட்போன் இருந்தால் அவை சும்மா இருக்கும்போதும் சர்வரோடு பேசிக்கொண்டே இருக்கும், ரூட்டருக்கு ஓய்வு நேரமே வாய்க்காது. டேட்டா அளவுக்குக் காசு வாங்கும் சிம் கார்டை ரூட்டரில் போட்டாலும் இதே கதை: கணக்கு நேரத்துக்கு அல்ல, ஓடிய டேட்டாவுக்கு. ஒரு மணிநேரத்துக்கு, ஒரு நாளுக்கு என்று காசு பிடிக்கும் சிம் என்றால் மட்டும் ‘ஆன் டிமாண்ட்’ வையுங்கள், ஐந்து நிமிட வரம்போடு.

சில நிறுவனங்கள் 24 மணிநேரத்துக்கு ஒருமுறை தாங்களே இணைப்பை அறுத்து மீண்டும் கொடுக்கும். அது உங்கள் மீட்டிங் நடுவே வராமலிருக்க, அதை அதிகாலை 4 முதல் 5 மணிக்குள் தள்ளிவைக்கும் கட்டமும் அங்கேயே இருக்கிறது. சென்னை அலுவலகத்தோடு வேலை செய்பவர்கள் இன்னும் முன்னே, 2 மணிக்கு நகர்த்துங்கள். இங்கே 4 மணி என்றால் அங்கே காலை ஏழரையோ எட்டரையோ ஆகியிருக்கும்.