வாலிபால் வகுப்பில் பிள்ளைகளைத் திறன் பார்த்துப் பிரிப்பது எப்படி?

இரண்டு கேப்டன்களை நிறுத்தி ஆள் எடுக்கச் சொல்லும் பழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். கடைசியாக மிஞ்சும் பிள்ளை யார் என்பதை வகுப்பே பார்த்துக்கொண்டு நிற்கும். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு வயிறு வலிக்கும். அதற்கடுத்த வாரம் கணக்கு நோட்டு முடிக்க வேண்டியிருக்கும். பிரிப்பது ஆசிரியர் வேலை. அதையும் விசில் ஊதிய பிறகு யோசிக்கக் கூடாது. முந்தின நாளே எழுதி வைத்திருக்க வேண்டும்.

நான் எட்டாம் வகுப்புக்கு வாலிபால் கற்றுக்கொடுப்பதை வைத்தே சொல்கிறேன். பெண் பிள்ளைகள் 12 வயதையொட்டியும் பையன்கள் 14 வயதையொட்டியும் மளமளவென்று வளர்கிறார்கள். அதனால் ஒரே வரிசையில் மீசை அரும்பியவனும் அவன் தோளுயரம்கூட இல்லாதவனும் நிற்பார்கள். உயரத்தைத் திறமை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஓட்டத்தையும் அப்படித்தான். பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் கேலோ இந்தியா உடற்தகுதிச் சோதனையின் 50 மீட்டர், 600 மீட்டர் ஓட்டங்கள் காலின் வேகத்தையும் மூச்சின் பலத்தையும் காட்டும். பந்தைக் கையில் வாங்கத் தெரியுமா என்பதைக் காட்டாது. 600 மீட்டரில் கடைசியாக வருகிற பெண், பந்தை அவ்வளவு பதமாகத் தூக்கிக் கொடுப்பாள். அன்றைக்கு எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறீர்களோ, அதை மட்டும் பார்த்துப் பிரியுங்கள்.

அண்டர் ஆர்ம் பாஸ், அதாவது இரண்டு கையையும் சேர்த்து நீட்டி முன்கையால் பந்தைத் தட்டிக் கொடுப்பது என்று வைத்துக்கொள்வோம். நான்கு நான்கு பேராகச் சுவருக்கு இரண்டு மீட்டர் தள்ளி நிறுத்திப் பந்தைத் தட்டச் சொல்லுங்கள். மற்றவர்கள் அந்த நேரத்தில் தொடர் ஓட்டம் ஓடட்டும்; வேடிக்கை பார்க்க யாரும் இருக்கக் கூடாது. எத்தனை முறை தட்டினார்கள் என்று எண்ணுவதைவிட முழங்காலைப் பாருங்கள். கால் விறைத்து நிற்கும் பிள்ளை, பந்து வந்ததும் இரண்டு கையையும் தலைக்கு மேல் வீசுவான். பந்து அவனுக்குப் பின்னால் போய் விழும். அவன் பயந்திருக்கிறான். சற்று மடங்கி நின்று, பந்து போகிற பக்கம் காலை நகர்த்துகிறவன், நான்கு முறைதான் தட்டினாலும் அடுத்த படிக்குத் தயாராகிவிட்டான்.

இதை வைத்து மூன்று குழு போதும். பயப்படுகிறவர்களுக்குக் காற்றைச் சற்றே இறக்கிய பந்து. மணிக்கட்டில் பட்டால் வலிக்காது. எதிரே நிற்பவர் கையால் மெல்லப் போட, தரையில் ஒருமுறை எழும்பவிட்டுத் தட்டட்டும். இரண்டாவது குழுவினர் இருவர் இருவராகப் பந்து கீழே விழாமல் மாற்றிக்கொள்ளட்டும். மூன்றாவது குழுவுக்கு இடம், வலம் மாற்றிப் போட்டு, வலைக்குப் பதிலாகக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் தரையில் சுண்ணாம்புத் தூளால் போட்ட வட்டத்துக்குள் பந்தை விழவைக்கச் சொல்லுங்கள்.

குழுக்களுக்கு ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்று பெயர் வைக்காதீர்கள். வேப்பமரம், கொடிக்கம்பம், சுவர் என்று நிற்கும் இடத்தைச் சொல்லியே கூப்பிடலாம். இடத்தையும் வாராவாரம் மாற்றுங்கள். இல்லாவிட்டால் வேப்பமரம் என்றாலே தேறாதவர்கள் என்றாகிவிடும். ஒரு குழுவில் ஒரே ஒரு பெண் பிள்ளை மட்டும் நிற்கும்படி விடாதீர்கள்; கூட இன்னொருத்தியாவது இருக்க வேண்டும். பள்ளி அணிக்கு ஆடுகிறவர்கள் பக்கமே நின்றுவிடத் தோன்றும். அவர்களுக்கு வேலையைச் சொல்லிவிட்டு, பயந்த பிள்ளைகளிடம் போய் நில்லுங்கள். உங்கள் கண் அங்கேதான் வேண்டும்.

நாற்பது நிமிடப் பாடவேளையில் குழுப் பயிற்சிக்குப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு எல்லோரையும் கலந்து, நான்கு பேருக்கு நான்கு பேராக ஆடவிடுங்கள். இந்தக் கலப்பு ஆட்டத்தை எந்த வாரமும் விட்டுவிடக் கூடாது என்பேன். திறன் பார்த்துப் பிரிப்பது பழகுவதற்காக; ஆட்டத்திலும் பிரித்துவைத்தால் அது ஒதுக்குவதாகிவிடும். ஆனால் கலந்துவிட்டால் மட்டும் போதாது. நன்றாக ஆடுகிறவன் எல்லாப் பந்தையும் தானே எடுப்பான், மற்றவர்கள் ஒப்புக்குச் சப்பாணியாக நிற்பார்கள். விதியை மாற்றினால்தான் இது தீரும். வாலிபாலில் ஓர் அணி மூன்று முறைவரை தொடலாம். இங்கே மூன்று பேர் தொட்டே தீர வேண்டும் என்று வையுங்கள். வேண்டியவர்கள் ஒருமுறை தரையில் எழும்பவிட்டு எடுக்கலாம். சர்வீஸை ஒன்பது மீட்டர் கோட்டிலிருந்துதான் போட வேண்டும் என்பதில்லை; தாண்டவைக்க முடிகிற இடத்திலிருந்து போடட்டும். பெண்கள் ஆட்டத்துக்கு வலை உயரம் 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43. இவர்களுக்கு இரண்டு மீட்டரில் கயிறு கட்டினால் தாராளம்.

கபடிக்கு இந்தக் கணக்கு உதவாது. அங்கே உடம்போடு உடம்பு மோதுகிறது. திறமைக்கு முன்னால் எடையைத்தான் பார்க்க வேண்டும். எடையைத் தனியாகப் பாருங்கள், வாய்விட்டுப் படிக்காதீர்கள்.

பட்டியலைப் பென்சிலில் எழுதுங்கள். மூன்று வாரத்துக்கு ஒருமுறை அதே சுவர்ச் சோதனையை வைத்து ஆட்களை மாற்றுங்கள். சர்வீஸ் கற்றுக்கொடுக்கத் தொடங்கும்போது பழைய பட்டியலைப் பார்க்காமல் புதிதாகப் பிரியுங்கள். ஒரு பிள்ளை தானே வந்து, “சார், நான் கயிற்றுப் பக்கம் போகட்டுமா?” என்று கேட்டால் அனுப்பிவிடுங்கள். முடியாவிட்டால் இரண்டு நாளில் தானே திரும்பி வரும். வரும்போது ஏன் என்று கேட்காமல் கையில் பந்தைக் கொடுங்கள்.