டீசல் முள் பொய் சொன்னால்: ஃபுளோட் மாற்றும் முன் செய்ய வேண்டியவை

போன வைகாசியில் கரூர் பக்கத்துக் கல் குவாரி ஒன்றிலிருந்து போன் வந்தது. 20 டன் பொக்லைன் வேலை நடுவே நின்றுவிட்டது என்றார்கள். நான் போய் இறங்கும்போது ஓனர் ஒரு பக்கம், ஆபரேட்டர் ஒரு பக்கம், இரண்டு பேரும் முகம் பார்க்காமல் நின்றிருந்தார்கள்.

"முள்ளு பாதியில நிக்குதுங்ணா, டேங்க்ல சொட்டு டீசல் இல்ல. நான் எங்கீங்ணா கொண்டு போவேன்?" என்றார் ஆபரேட்டர்.

400 லிட்டர் டேங்க். பாதி என்றால் 200 லிட்டர். அந்த 200 லிட்டருக்குக் கணக்குக் கேட்டு ஓனர் அவருடைய சம்பளத்தை நிறுத்தி வைத்திருந்தார். குவாரியில் டீசல் திருட்டே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 200 லிட்டர் அன்றைக்கு டேங்கிலேயே இருந்ததில்லை. மல்டிமீட்டரை வைத்த சில நிமிடங்களில் அது தெரிந்துவிட்டது.

சங்ககிரியில் 22 வருடமாக மண் அள்ளும் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். டீசல் முள் தப்பாகக் காட்டினால் "ஃபுளோட் போச்சு, புதுசு வாங்கிப் போடு" என்பதுதான் எல்லா இடத்திலும் முதல் பேச்சு. ஃபுளோட் என்றால் டேங்குக்குள் இருந்து டீசல் அளவைச் சொல்லும் மிதவைக் கருவி. என் கைக்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் ஃபுளோட் நன்றாகவே இருந்தது. கோளாறு ஒயரை இணைக்கும் கப்ளரில் இருக்கும், எர்த்தில் இருக்கும், இல்லை ஒயர் எங்காவது உரசி அறுந்திருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் அளந்து பாருங்கள். அரை மணி நேரம் போதும்.

முதலில் ஃபுளோட் எப்படி வேலை செய்கிறது என்பது தெரிய வேண்டும். டீசல் மேல் மிதக்கும் மிதவை, அதைத் தாங்கும் கம்பிக் கை, கை ஏறி இறங்கும்போது ரெசிஸ்டன்ஸ் பட்டையில் உராய்ந்து நகரும் சின்ன நாக்கு. நாக்கு நிற்கும் இடத்தைப் பொறுத்து ஓம் மாறும், ஓமைப் பார்த்து கேஜ் முள்ளை நகர்த்தும். இன்னொரு வகையில் கை இருக்காது. நேராக ஒரு குழாய், அதைச் சுற்றி வளையம் மாதிரி மிதவை, மிதவைக்குள் காந்தம், குழாய்க்குள் வரிசையாக, காந்தம் பக்கத்தில் வந்தால் ஒட்டிக்கொள்ளும் ரீட் சுவிட்சுகள். மிதவை நகர நகர ஓம் படிப்படியாகத் தாவும். அந்தத் தாவலைப் பார்த்துக் கோளாறு என்று நினைக்காதீர்கள், அதன் இயல்பே அதுதான்.

ஓம் கணக்கில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். அமெரிக்க வழக்கப்படி செய்த ஃபுளோட்டில் டேங்க் காலியானால் 240 ஓம், நிறைந்தால் 33. ஐரோப்பிய வழக்கில் காலிக்கு 10, நிறைந்தால் 180. ஜப்பான் பொக்லைன்கள் பலவற்றில் நிறைந்தால் 10 பக்கம், காலியானால் 90, 100 பக்கம். அதாவது அதே 10 ஓம் ஒரு வண்டிக்குக் காலி, இன்னொன்றுக்கு ஃபுல். துளை பொருந்துகிறது, கப்ளர் பொருந்துகிறது என்று வேறு வகை ஃபுளோட்டை மாட்டினால் முள் தலைகீழாக ஓடும். உங்கள் வண்டிக்கு எந்தக் கணக்கு என்பதை சர்வீஸ் மேனுவலில் பார்த்து கேபினுக்குள் எழுதி ஒட்டி வையுங்கள்.

சரி, வேலைக்கு வருவோம். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் விடுங்கள். குவாரிச் சரிவில் நின்றபடி பார்த்தால் டீசல் ஒரு பக்கம் ஒதுங்கி நிற்கும், நல்ல ஃபுளோட்டும் தப்பாகக் காட்டும். பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

அப்புறம் அளவுக் கம்பி. மூடியைத் திறந்து சுத்தமான கம்பியை அடிவரைக்கும் விட்டு எவ்வளவு நனைகிறது என்று பாருங்கள். டேங்கில் உண்மையில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் முள் சரியா தப்பா என்று பேச முடியாது. இதைச் செய்யாமலே பார்ட்ஸ் வாங்கியவர்கள் நிறைய.

மீட்டர் போர்டில் டீசல் முள்ளோடு சூட்டு முள்ளும் சேர்ந்து செத்திருந்தால் ஃபுளோட் பக்கமே போகாதீர்கள். ஃபியூஸையும் மீட்டருக்கு வரும் கரன்ட்டையும் பாருங்கள். டீசல் முள் மட்டும் என்றால் டேங்க் மேலே உள்ள கப்ளரைக் கழற்றி, சாவியைப் போட்டு முள்ளைக் கவனியுங்கள். ஒயர் திறந்திருக்கும்போது முள் ஏதாவது ஒரு ஓரத்துக்குப் போக வேண்டும். காலிக்கு ஓம் கூடும் வகையில் காலிப் பக்கம், ஐரோப்பிய வகையில் ஃபுல் பக்கம். பழைய இரண்டு ஒயர் கேஜ் என்றால், கழற்றிய கப்ளரின் ஒயர் பக்கத்தில் உள்ள இரண்டு பின்னையும் ஒரு நொடி சேர்த்தால் முள் எதிர் ஓரத்துக்கு ஓடும். இரண்டு ஓரத்துக்கும் போகிறது என்றால் கேஜும் ஒயரும் நன்றாக இருக்கின்றன என்று அர்த்தம். போகவில்லை என்றால் புது ஃபுளோட் வாங்கியும் பிரயோஜனமில்லை.

கம்ப்யூட்டர் வைத்த புது வண்டியில் இப்படிச் சேர்க்காதீர்கள். மூன்று ஒயர் வந்தால் அதில் ஒன்று பெரும்பாலும் 5 வோல்ட் சப்ளை. அதை எர்த்தோடு சேர்த்தால் அதே சப்ளையில் ஓடும் மற்ற சென்சார்களும் படுத்துவிடும். டெஸ்ட் லாம்ப் வைத்துக் குத்துவதும் கூடாது. டிஜிட்டல் மல்டிமீட்டர் மட்டும்தான். நான் 250 ஓம் திருகு ரெசிஸ்டர் ஒன்றில் இரண்டு ஒயர் பற்றவைத்து பையில் வைத்திருக்கிறேன். இரண்டு ஒயர் ஃபுளோட் உள்ள மானிட்டர் வண்டியில் ஃபுளோட்டுக்குப் பதிலாக அதை மாட்டி மெதுவாகத் திருகுவேன். மானிட்டரில் கோடு ஏறி இறங்கினால் மானிட்டரும் ஒயரும் சரி.

இனி ஃபுளோட்டையே அளக்கலாம். கப்ளர் கழன்ற நிலையில் மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஃபுளோட்டின் இரண்டு பின்னிலும் தொடுங்கள். அந்தக் குவாரி வண்டியில் டேங்க் காலி, அதன் கணக்குப்படி 90க்கு மேல் காட்ட வேண்டும். மீட்டரில் 48 வந்தது. வண்டியைத் தட்டினேன், டேங்கைத் தட்டினேன், 48 அசையவே இல்லை. கை உள்ளே எங்கேயோ மாட்டியிருக்கிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

"மானிட்டர்ல எரர் ஒண்ணும் வரலையேங்க" என்றார் ஓனர். வராது. கோளாறு எண் எப்போது வரும் என்றால், வோல்டேஜ் எல்லையைத் தாண்டும்போதுதான். எஸ்பிஎன் என்பது கோளாறு எதில் என்று சொல்லும் எண், எஃப்எம்ஐ என்பது என்ன மாதிரிக் கோளாறு என்று சொல்லும் எண். எஸ்பிஎன் 96 என்பது டீசல் அளவு. அதோடு எஃப்எம்ஐ 3 வந்தால் வோல்டேஜ் அதிகம், பெரும்பாலும் ஒயர் அறுந்திருக்கும் இல்லை கப்ளர் கழன்றிருக்கும். எஃப்எம்ஐ 4 வந்தால் வோல்டேஜ் குறைவு, ஒயர் எங்கோ உரசி எர்த் ஆகியிருக்கும். 48 ஓம் என்பது நடு அளவு, கம்ப்யூட்டருக்கு அது நியாயமான அளவாகவே படும். எரர் இல்லை என்பதை வைத்து ஃபுளோட் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்து ஒரு மனிதன் மேல் பழி போடக் கூடாது. இதைத்தான் அன்று ஓனரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் நிறையப் பணம் வீணாகிறது. ஹெட்லைட் போட்டால் டீசல் முள் நகருகிறதா? அப்படியானால் எர்த் சரியில்லை. சாவி ஆன், லைட் ஆன், கப்ளர் மாட்டிய நிலையில் ஃபுளோட்டின் எர்த் ஒயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் நடுவே வோல்ட்டை அளந்து பாருங்கள். ஏறக்குறைய சைபர் வர வேண்டும், அரை வோல்ட் வந்தால்கூட விடக் கூடாது. எர்த் போல்ட்டைக் கழற்றி, பெயின்ட்டையும் துருவையும் சுரண்டி, பளபளவென்று ஆனதும் முறுக்குங்கள்.

ஃபுளோட்டைக் கழற்றுவது என்று முடிவானால் டேங்க் மேல்பக்கத்தை முதலில் ஊதித் துடைத்துவிடுங்கள். குவாரித் தூசி ஒரு கைப்பிடி உள்ளே விழுந்தால் ஃபுளோட்டை விடப் பெரிய செலவு இன்ஜெக்டருக்கு வரும். போல்ட்டுகளைக் கழற்றும் முன் எந்தத் துளை எங்கே என்று மார்க்கரால் கோடு போடுங்கள். ஐந்து துளை உள்ளவற்றில் ஒரு துளை தள்ளி இருக்கும், ஒரே ஒரு நிலையில்தான் உட்காரும். கையை வளைக்காமல் சாய்த்துச் சாய்த்து எடுங்கள்.

வெளியே எடுத்ததும் மல்டிமீட்டரை மாட்டியபடியே கையைக் கீழிருந்து மேலே மிக மெதுவாக நகர்த்துங்கள். ஓம் ஒரே சீராக ஏறவோ இறங்கவோ வேண்டும். நடுவில் ஓரிடத்தில் அளவே காட்டாமல் போனால் அங்கே பட்டை தேய்ந்திருக்கிறது. முக்கால் டேங்கில் மட்டும் முள் விழுந்து எழுந்தால் இதுதான் காரணம். மிதவையைக் காதருகே வைத்து ஆட்டுங்கள், உள்ளே களக் களக் என்றால் டீசல் புகுந்துவிட்டது. அதைப் பற்றவைத்து அடைக்கப் பார்க்காதீர்கள், உள்ளே டீசல் இருக்கும்போது நெருப்பு விளையாட்டு வேண்டாம். காந்த மிதவை என்றால் துருத்தூள் அப்பிக்கொண்டு நகராமல் நிற்கும். துடைத்தால் சரியாகிவிடும். மிதவையைக் கழற்றினால் எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அதே பக்கமாகவே திரும்பப் போடுங்கள்.

குவாரி வண்டியின் ஃபுளோட்டை நான் தூக்கியபோது வரவில்லை. லேசாகத் திருப்பியதும் 'டக்' என்று விடுபட்டது. கையின் நுனியில் ஒரு விரல் நீளத்துக்கு உரசிப் பளபளத்தது. டார்ச் அடித்துப் பார்த்தால் டேங்குக்குள் இருக்கும் தடுப்புத் தகட்டின் ஓரத்திலும் அதே பளபளப்பு. முள் குதிக்கிறது என்று ஒன்றரை மாதம் முன்பு மாற்றிப் போட்ட லோக்கல் ஃபுளோட்டாம். பழையது எங்கே என்று கேட்டேன். டூல் பாக்ஸின் அடியில் கிடந்தது. இரண்டையும் துணி விரித்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதியதன் கை பழையதை விட இரண்டு விரற்கடை நீளம் அதிகம். டீசல் பாதிக்கு இறங்கும்போதெல்லாம் நுனி தகட்டில் உட்கார்ந்துகொள்ளும்.

பழையதை அளந்தேன். 92லிருந்து 9 வரை வெண்ணெய் மாதிரி இறங்கியது. அதற்கு ஒரு குறையும் இல்லை. முன்பு முள் குதித்ததற்குக் காரணம் கப்ளர் பின்னில் பிடித்திருந்த பச்சைக் களிம்பு. அதைச் சுத்தம் செய்து, பின்னைக் கொஞ்சம் இறுக்கி, பழைய ஃபுளோட்டையே புது பேக்கிங் போட்டு மாட்டினேன். அன்றைக்குப் பார்ட்ஸ் செலவு அந்த ஒரு பேக்கிங்தான்.

உண்மையிலேயே புதிது வாங்க வேண்டுமென்றால் மாடல் பெயரை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். ஒரே மாடலில் சீரியல் நம்பர் மாறினால் ஃபுளோட்டும் மாறும். வண்டியின் நம்பர் தகட்டைப் படம் எடுத்து, பழைய ஃபுளோட்டையும் கையோடு கொண்டுபோங்கள். காலி ஓம், ஃபுல் ஓம், கையின் நீளம், கை வளைந்திருக்கும் பக்கம், துளைகள், கப்ளரில் எத்தனை பின் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். சிலவற்றில் டீசல் குறைவு விளக்குக்குத் தனி ஒயர் வரும், அதையும் கவனியுங்கள். கடையிலேயே மல்டிமீட்டர் வைத்து மேலும் கீழும் ஆட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். லோக்கல் ஃபுளோட் எல்லாமே மோசம் என்று நான் சொல்ல மாட்டேன், நன்றாக ஓடுபவையும் உண்டு. அளந்து பார்க்காமல் வாங்கினால் கம்பெனி பார்ட்டும் தப்பாகப் போகும். சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பார்ட் வாங்கினாலும் இதே சோதனைதான்.

மாட்டும்போது பேக்கிங் புதிதாக இருக்கட்டும். போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரேயடியாக முறுக்கினால் பேக்கிங் பிதுங்கி, மழைத் தண்ணீர் டேங்குக்குள் இறங்கும்.

வண்டி டீசல் தீர்ந்து நின்றிருந்தால் ஏர் எடுக்க வேண்டும், அதாவது டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். அடியில் கிடந்த சகதியை பில்டர் இழுத்திருக்கும், அதையும் பாருங்கள். கையால் டீசல் ஏற்றும் ஹேண்ட் பிரைமரைக் கெட்டியாகும் வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். காமன் ரெயில் என்ஜினில் ஹை பிரஷர் பைப்பைத் தளர்த்தி ஏர் எடுப்பது கூடவே கூடாது, அந்தப் பிரஷரில் வரும் டீசல் தோலைத் துளைத்துவிடும். ஸ்டார்ட்டரை 10, 15 நொடிக்கு மேல் தொடர்ந்து அடிக்காமல் இடைவெளி விடுங்கள்.

அந்தக் குவாரியில் டேங்க் காலியாக இருந்ததால் இன்னொரு வேலையும் முடிந்தது. 50 லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் கம்பியில் ரம்பத்தால் ஒரு கோடு போட்டோம். பக்கத்தில் நோட்டில் ஓமையும் எழுதினோம். டேங்க் நேர்ப் பெட்டி இல்லாததால் கோடுகள் சம தூரத்தில் விழாது, அது சரிதான். அந்தக் கம்பியை ஆபரேட்டர் கையில் கொடுத்தேன். நான் கிளம்பும் முன்னாலேயே ஓனர் நிறுத்தி வைத்த சம்பளத்தைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுத்தார். இப்போது அங்கே தினமும் காலையில் கம்பி விட்டுப் பார்த்து, முள்ளையும் பார்த்து, இரண்டையும் நோட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறார்கள்.