படகுத் தார்ப்பாய்க்கு ஏற்ற கொக்கி: என் அனுபவம்

பழவேற்காட்டில் நிறுத்தியிருக்கும் எங்கள் ஃபைபர் படகின் தார்ப்பாயை, வடகிழக்குப் பருவமழைக் காற்று இரண்டு முறை பிடுங்கி எறிந்துவிட்டது. முதலில் பொருத்தியிருந்தவை துத்தநாகம் பூசிய இரும்புக் கொக்கிகள். பூச்சு உரிந்ததும், படகின் வெள்ளைப் பரப்பில் செங்காவிக் கோடுகளாகத் துரு வழிந்தது. அடுத்து வைத்த பிரஸ் பட்டன்கள் உப்புப் படிந்து இறுகியதால், திறக்கும்போது துணியையே கிழித்துக்கொண்டு வந்தன.

பிறகு 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கொக்கிகளுக்கு மாறினேன். கடைக்காரர் விலை குறைந்த 304 ரகமே போதும் என்றார். ஆனால் 316 ரகத்தில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்திருப்பதால் உப்புக் காற்றின் அரிப்பை அது கூடுதலாகத் தாங்கும் என்பதை அறிந்திருந்த நான், விலை வேறுபாட்டைப் பொருட்படுத்தவில்லை. திருகுகளும் அதே ரகமாக இருப்பது மிக அவசியம். துளைகளில் ஈரம் இறங்காதபடி சீலண்ட் நிரப்பிய பின்னரே அவற்றை முடுக்கினேன்.

தார்ப்பாயின் ஓரத்தை இரண்டாக மடித்துத் தைத்து, அந்த மடிப்பில் முழத்துக்கு ஒன்றாகப் பித்தளை வளையங்களை அடித்து, அவற்றின் வழியே துணியுறையிட்ட ரப்பர் கயிற்றைக் கோத்துக் கொக்கிகளில் மாட்டினேன். நைலான் கயிறு நனைந்தால் சற்றுத் தளர்ந்துவிடுகிறது. ரப்பர் கயிறோ காற்றின் இழுப்புக்கு நீண்டு, உடனே மீண்டும் இறுகிக்கொள்கிறது. வெயிலில் அது நைந்துபோகும் என்பதால், மழைக்காலம் தொடங்குமுன் புதிதாக மாற்றிவிடுகிறேன்.