கேமராவை ஓரமாக வைத்துவிட்டுத் தொடங்குங்கள்

இணையவழிப் பாடம் தயாரிக்கச் சொன்னதும் பெரும்பாலான பேராசிரியர்கள் முதலில் தேடுவது நல்ல மைக்கை. அடுத்து, வகுப்பில் எடுத்த ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே பதிவுசெய்து ஏற்றிவிடுவார்கள். கேள்வித்தாளைப் பற்றிய நினைப்பு கடைசி வாரத்தில்தான் வரும். கோளாறே இந்த வரிசையில்தான்.

கடைசியிலிருந்து தொடங்குங்கள். பாடம் முடிந்தபின் மாணவர் எதைச் செய்துகாட்ட வேண்டும்? 'புள்ளியியலின் அடிப்படைகளைப் புரிந்துகொள்வார்' என்று எழுதிவைத்தால் அதைச் சோதிக்க வழியில்லை. 'ஒரு தரவுக்குச் சராசரி பொருந்துமா, இடைநிலை அளவு (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) பொருந்துமா என்று முடிவுசெய்து காரணம் சொல்வார்' என்று எழுதினால் கேள்வி தானே வந்து நிற்கும்: பத்துப் பேரின் வருமானம், அதில் ஒருவர் மட்டும் கோடீஸ்வரர், எந்த அளவை எடுப்பீர்கள், ஏன்? இதற்கு விடை சொல்லத் தேவையானதை மட்டும் பதிவுசெய்யுங்கள். விரிவுரையில் பாதிக்கு மேல் உதிர்ந்துவிடும். மனசு கேட்காதுதான்.

எட்எக்ஸ் என்ற இணையவழிப் பாடத் தளத்தில் மாணவர்கள் 69 லட்சம் தடவை வீடியோ பார்த்த பதிவுகளை அலசிய ஆய்வு 2014-இல் வெளிவந்தது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் பாதிப் பார்வைகள் ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. உடனே பழைய விரிவுரையை ஆறு ஆறு நிமிடமாக நறுக்கக் கிளம்பிவிடாதீர்கள். நறுக்கிய வகுப்பறைப் பதிவுகள் அவ்வளவாக ஈர்க்கவில்லை என்றும் அதே ஆய்வு சொல்கிறது.

வீடியோவுக்கு வீடியோ இடையில் மாணவருக்கு வேலை வையுங்கள். உளவியல் ஆய்வாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் 2006-இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். மதிப்பெண் இல்லாத நான்கு கேள்விகள் போதும்.

கலந்துரையாடல் பக்கத்தில் 'உங்கள் கருத்தைப் பதிவிட்டு, இருவருக்குப் பதில் எழுதுக' என்ற கட்டளைக்கு 'அருமையான கருத்து' என்பதுதான் பதிலாகக் கிடைக்கும். ஆளுக்கொரு தரவைக் கொடுங்கள். ஒருவர் எடுத்த முடிவில் அடுத்தவர் ஓட்டை கண்டுபிடிக்கட்டும். ஆசிரியரும் அவ்வப்போது உள்ளே வந்து எழுத வேண்டும். ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் யார் பேசுவார்கள்?

வசன வரி இல்லாத வீடியோ, கைபேசியில் படிக்க முடியாத எழுத்து, வாரத்துக்கொரு விதமாக மாறும் பக்க அமைப்பு: சின்னவைதான், ஆனாலும் ஆளை விரட்டிவிடும்.

வெளியிடுவதற்கு முன் முதல் வாரப் பாடத்தை ஒரே ஒரு மாணவரிடம் கொடுத்து, வாய் திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். 'இப்போ எங்கே போகணும்?' என்று அவர் திரும்பிப் பார்க்கும் இடத்தையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள்.