ஷாம்பெய்ன் நிலத்தில் ஹெம்ப்: விதைப்பிலிருந்து நார் வரை

கஞ்சா இனத்தைச் சேர்ந்ததே ஆனாலும் ஹெம்ப் ஒரு நார்ப்பயிர். போதைக்காக வளர்க்கும் இன்டிகா கலப்பினச் செடி குட்டையாகப் பக்கக் கிளை விட்டுப் பரவும். ஹெம்ப் கிளையில்லாமல் இரண்டு, மூன்று மீட்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். பிரான்சின் ஷாம்பெய்ன் பகுதியிலுள்ள ஓப் மாவட்டத்தில், துருவா நகரைச் சுற்றியுள்ள சுண்ணாம்பு நிலங்களில் இது பழகிய பயிர். விளைச்சலை வாங்கி நார் பிரிக்கும் விவசாயிகள் கூட்டுறவு அங்கே 1973 முதல் இயங்குகிறது. இந்தப் பயிரில் லாபமும் நட்டமும் முடிவாவது இரண்டு இடங்களில்: விதைக்கும் வாரம், அறுத்துக் கிடத்திய பிறகு வரும் வாரங்கள். நடுவில் செடி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும்.

சான்று பெற்ற விதையை மட்டுமே விதைக்கலாம். ஃபெடோரா 17, ஃபெலினா 32, ஃபுட்டூரா 75 ஆகியவை பிரெஞ்சு ரகங்கள். எண் கூடினால் ரகம் தாமதமாகப் பூக்கும், தண்டு நீளும், விதை முற்றவும் நாளாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில், போதை தரும் வேதிப்பொருளான டிஹெச்சியின் வரம்பு 2023 முதல் 0.3 விழுக்காடு. சோதிக்க வருபவர்கள் ஒரு வயலில் 50 செடிகளின் உச்சியிலிருந்து 30 செ.மீ. வெட்டி எடுப்பார்கள். சொந்த விதையை எடுத்து வைத்து அடுத்த ஆண்டு போட முடியாது. இந்தியாவில் நார், விதைக்காக வளர்க்க அரசு அனுமதி தர 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இடம் தருகிறது. அனுமதி இல்லாமல் ஒரு செடி வைத்தாலும் குற்றம்.

விதைப்புக்கு முன் மண்வெட்டியால் 30 செ.மீ. ஆழம் தோண்டிப் பாருங்கள். இறுகிய அடுக்கு இருந்தால் ஆணிவேர் அங்கே மடங்கிப் பக்கவாட்டில் ஓடும். அந்த இடத்துச் செடிகள் முழங்கால் உயரத்திலேயே நின்றுவிடும். பிறகு உரம் போட்டுச் சரிசெய்ய முடியாது. தண்ணீர் தேங்கும் நிலமும் வேண்டாம். மண் 10 டிகிரியைத் தாண்டியதும், ஏப்ரல் நடுவிலிருந்து மே தொடக்கத்துக்குள், கோதுமை விதைக்கும் கருவியாலேயே 2–3 செ.மீ. ஆழத்தில் விதைக்கலாம். ஹெக்டேருக்கு 45–50 கிலோ. ஆயிரம் விதை 18 கிராம் என்றால் 50 கிலோவில் சுமார் 28 லட்சம் விதை, அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 280. விதையைக் குறைத்து மிச்சம் பிடிப்பது வீண் சிக்கனம். இடைவெளி கிடைத்தால் தண்டு தடித்துக் கிளை விடும், களையும் ஏறும். நெருக்கமாக முளைத்த பயிர் நாலைந்து வாரத்தில் நிலத்தை மூடிவிடும், களைக்கொல்லி தேவைப்படாது. விதைத்தவுடன் கனமழை பெய்து மேல்மண் பொருக்குத் தட்டினால் முளை வெளிவராது. அதனால் மண்ணை மாவாகப் புழுதி அடிக்காதீர்கள்.

தழைச்சத்து 80–120 கிலோ போதும். மிஞ்சினால் பயிர் சாயும். கடுகு இனமான ரேப்சீடு போட்ட வயல்களில் ஓரோபாங்கி என்ற ஒட்டுண்ணிச் செடி ஹெம்ப் வேரில் ஏறும். நம்மூர்ப் புகையிலையை அழிக்கும், ‘காளான்’ என்று அழைக்கப்படும் ஒட்டுண்ணிச் செடி இதன் உறவுதான். வந்த பிறகு மருந்தில்லை, பயிர்ச்சுழற்சியே வழி.

விதையும் நாரும் சேர்த்து எடுப்பதானால் அறுவடை செப்டம்பரில். அறுவடை இயந்திரத்தின் வெட்டுத்தலையை உயர்த்தித் தலைப்பகுதியை மட்டும் எடுத்து, தண்டைப் பிறகு அறுத்து நிலத்தில் கிடத்த வேண்டும். இயந்திரத்தின் சுழலும் அச்சுகளில் நார் சுற்றிச் சூடேறித் தீப்பிடிக்கும். அடிக்கடி நிறுத்திச் சுற்றிய நாரை வெட்டி எடுங்கள். ஈரமான விதை குவியலில் சில மணி நேரத்திலேயே வெந்துபோகும். அன்றே உலர்த்தி 9 விழுக்காடு ஈரத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

இனி ஊறல். பனியும் லேசான மழையும் பட, பூஞ்சையும் பாக்டீரியாவும் தண்டில் நாரைப் பிடித்திருக்கும் பெக்டினைக் கரைக்கும். வானிலையைப் பொறுத்து இதற்கு இரண்டு முதல் ஐந்து வாரம் ஆகும். ஒரு பக்கம் மட்டும் ஊறினால் நாரின் நிறம் சீராக இராது. ஆகவே இடையில் ஒருமுறையாவது புரட்டிப் போடுங்கள். தண்டு மஞ்சளிலிருந்து சாம்பல் நிறமாகிக் கரும்புள்ளி விழும்போது, நாலைந்து இடத்தில் தண்டை எடுத்து ஒடித்துப் பாருங்கள். உள்தண்டு முறிந்து நார் நீளமாகக் கழன்று வந்தால் பதம். ஒட்டிக்கொண்டே இருந்தால் இன்னும் சில நாள் விடலாம். நாரே கையில் அறுந்தால் காலம் கடந்துவிட்டது. அதற்கு மருந்து கிடையாது. மழை வரும் என்று தெரிந்தால், சற்று முன்பாகவே கட்டி எடுப்பது நல்லது. குறைந்த ஊறலை ஆலை ஓரளவு சமாளிக்கும், அழுகிய நாரை யாராலும் மீட்க முடியாது.

ஈரம் 15 விழுக்காட்டுக்குக் கீழே வந்த பிறகே உருளைக் கட்டாகக் கட்டுங்கள். ஈரக்கட்டு உள்ளே பூசணம் பிடிக்கும். பிளாஸ்டிக் கயிற்றைத் தவிர்த்துவிடுங்கள். அதன் இழை நாரோடு கலந்தால் ஆலையில் பிரிக்க முடியாது. ஹெக்டேருக்கு ஆறு முதல் எட்டு டன் தண்டு கிடைக்கும். அதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு நார், பாதிக்கு மேல் உள்தண்டுச் சில்லு. நார் காகிதத்துக்கும் வெப்பத்தடுப்புப் பாய்க்கும் போகும்; சில்லு சுண்ணாம்போடு கலந்த சுவருக்கும் குதிரை லாயத் தரைக்கும் போகும்.