பனியன் கம்பெனியிலிருந்து ஸ்க்ரம் மாஸ்டர் வேலைக்கு: என் அனுபவம்

திருப்பூரில் மெர்ச்சண்டைசராக, அதாவது ஆர்டரை ஷிப்மென்ட் வரை பின்தொடர்ந்து பார்த்துக்கொள்பவராக இருந்தேன். ஸ்க்ரம் என்பது சாஃப்ட்வேர் குழுக்கள் வேலையைச் சிறு சிறு கட்டங்களாகச் செய்யும் முறை; குழு அதைச் சரியாகப் பின்பற்ற உதவுபவர்தான் ஸ்க்ரம் மாஸ்டர். கோவையில் ஸ்க்ரம் மாஸ்டர் வேலை கேட்டால் எங்கும் ஒரே கேள்வி: "ஐடி அனுபவம் இருக்குதுங்களா?"

முதலில் ஸ்க்ரம் முறையை விளக்கும் ஸ்க்ரம் கைடு படித்தேன். 2020 பதிப்பு, இலவசம். ஸ்க்ரம் மாஸ்டர் சான்றிதழுக்கான பிஎஸ்எம் 1 தேர்வுக்கு வகுப்பு கட்டாயமில்லை. 60 நிமிடத்தில் 80 கேள்விகள், 85 சதவீதம் எடுக்க வேண்டும். எடுத்தேன். ஆனால் சான்றிதழை மட்டும் பார்த்து யாரும் கூப்பிடவில்லை.

அப்புறம் பழைய வேலையிலேயே வழி கிடைத்தது. சாயப்பட்டறையில் துணி தங்கினால் கட்டிங் நிற்கும், ஷிப்மென்ட் தள்ளிப்போகும். அதனால் எல்லாப் பிரிவுப் பொறுப்பாளர்களும் தினமும் காலையில் 15 நிமிடம் நின்றபடியே பேச ஏற்பாடு செய்தேன். ஆர்டர் வாரியாகச் சுவரில் சீட்டு ஒட்டினோம். எது தடையாக இருக்கிறது என்று மட்டும் கேட்பேன், தீர்வு சொல்ல மாட்டேன். ஒருநாள் கட்டிங் மாஸ்டர் அண்ணன், "துணி இன்னும் வரலீங்க, நானே பட்டறைக்குப் பேசிக்கறனுங்க" என்றார். தடையை எல்லோருக்கும் தெரியவைத்து, குழுவே தீர்த்துக்கொள்ள உதவுவதுதான் ஸ்க்ரம் மாஸ்டரின் வேலை என்று அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

ரெஸ்யூமில் அதையே எழுதினேன். சரவணம்பட்டியில் ஒரு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வில் பாதி நேரம் அந்தச் சுவரைப் பற்றித்தான் பேச்சு. வேலை கிடைத்தது. எனக்கு கோடிங் தெரியாது. டெவலப்பர்கள் சொல்வதில் புரியாததை அன்றன்றே கேட்டுக்கொள்கிறேன்.